நூறு சொல்லில் விட்டுப்போன காம்பரா

சில மாதங்களுக்கு முன்னால் இலங்கையின் தேயிலை மலையகத்தில், ஹட்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கட்டடம் சம்பந்தப்பட்ட படிப்பை முடிக்கப்போகிற ஒன்பது பிள்ளைகளோடு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் மலையகத்துப் பிள்ளைகள், கம்பஸில் கடைசி வருடம். வேலைக்கு ஆள் எடுக்கிற நிறுவனங்களுக்குக் கொடுக்க ஒரு சின்னக் கைநூல் தயாரிக்கிறார்கள். அதில் ஒவ்வொருவரைப் பற்றியும் நூறு சொல்லில் ஒரு பத்தி வரும், பின்னணி என்ன, எதில் ஆர்வம் என்று. அதைப் பார்த்துத் திருத்திக் கொடுங்கள் என்று கூப்பிட்டிருந்தார்கள். ஒன்பது பத்திதானே, மத்தியானத்துக்குள் முடிந்துவிடும் என்று நினைத்துப் போனேன். இருட்டிய பிறகு பனிக்குள்ளே பஸ்ஸுக்கு நின்றபோதும் அது முடிந்திருக்கவில்லை, இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் வாசித்தபோது ஒன்பது பத்தியும் ஒரே அச்சில் அறுத்த செங்கல் மாதிரி இருந்தன. கடின உழைப்பாளி, குழுவோடு சேர்ந்து வேலை செய்வேன், நிலைபேறான கட்டடங்களில் பேரார்வம், பொழுதுபோக்கு வாசிப்பும் கிரிக்கெட்டும். பெயரை மறைத்துவிட்டால் யாருடையது எது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. பின்னணி என்ற இடத்தில் எட்டுப் பேர் மாவட்டத்தின் பெயரை மட்டும் போட்டிருந்தார்கள், ஒருவன் அதையும் போடவில்லை. ஏன் தம்பி என்று கேட்டேன். நுவரெலியா என்று போட்டால் கோட்டாவில் வந்தவன் என்று நினைப்பார்கள் சேர் என்றான். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம்தான் நாடு தழுவிய தகுதி வரிசையில் போகிறது, 55 வீதம் எல்லா மாவட்டத்துக்கும் சனத்தொகைப்படி பிரிகிறது, மிச்சம் 5 வீதம்தான் கல்வி வசதி குறைந்த 16 மாவட்டங்களுக்கு என்று அவனுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். கொழும்பில் இருந்து வருகிறவர்களிலும் நிறையப் பேர் அந்த மாவட்டக் கணக்கில்தான் வருகிறார்கள். தெரிந்தும் எழுதக் கை வரவில்லை. உயர்தரத்தில் கணிதப் பிரிவு இருக்கிற தமிழ்ப் பள்ளிக்கூடம் தேடி விடியற்காலை பஸ் ஏறிய பிள்ளை, தமிழில் படித்த பௌதிகத்தைக் கம்பஸில் முதல் நாளே ஆங்கிலத்தில் கேட்டுத் திகைத்த பிள்ளை, எப்படியோ நீந்திக் கரை சேர்ந்து நிற்கிறான். ஆனால் எந்த ஆற்றை நீந்தி வந்தான் என்பதை மட்டும் சொல்ல மாட்டான்.

படிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டடக்கலைப் பொறியியல் என்று தனிப் பெயரில் அமெரிக்காவில் படிப்பு இருக்கிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அது ஐந்து வருடம். கட்டமைப்பு, இயந்திரச் சேவைகள், ஒளியும் மின்சாரமும், கட்டுமான நிர்வாகம் என்ற நாலில் ஒன்றைப் பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள், கடைசி வருடம் நிஜமான ஒரு கட்டடத்தை எடுத்து அக்குவேறு ஆணிவேறாக ஆராய வேண்டும். நமக்கு அந்த வேலை பல துண்டாகக் கிடக்கிறது. வரைகிறவர் கட்டடக்கலைஞர், நிற்க வைக்கிறவர் குடிசார் பொறியியலாளர், காற்றும் தண்ணீரும் மின்சாரமும் பார்க்கிறவர் சேவைப் பொறியியலாளர், கட்டடச் செலவுக் கணக்குப் பார்க்கிறவர் கியூ.எஸ். அன்றைக்கு வந்த ஒன்பது பேரும் அந்தந்தத் துண்டில் இருந்து வந்தவர்கள். நான் காற்றுப் பக்கம். ஹோட்டல்களுக்கும் அலுவலகங்களுக்கும் குளிரூட்டி, காற்றோட்டம் எல்லாம் கணக்குப் போட்டுக் கொடுப்பதுதான் என் பிழைப்பு.

பேச்சுக் கொடுத்தபோது

தாளை ஓரமாக வைத்துவிட்டு ஒவ்வொருவராகப் பேச்சுக் கொடுத்தேன். பதுளைப் பக்கத்துப் பையன் ஒருவன், அப்பா மேசன். பள்ளிக்கூட லீவில் அப்பாவுக்குக் கையாளாக நின்று கலவை குழைத்தவன். தூண்களில் சிமெந்து இறுகும் நாட்களில் சாக்கை நனைத்துச் சுற்றுவதை அப்பா எந்தப் புத்தகமும் படிக்காமல் செய்தார், கொங்கிறீட்டுக்கு ஈரம் ஏன் வேண்டும் என்று விரிவுரையில் சொன்ன அன்றைக்கு அப்பாவுக்குப் போன் எடுத்தேன் என்றான். அவன் பத்தியில் அப்பாவும் இல்லை, சாக்கும் இல்லை. இன்னொருவன் கணினியில் கட்டடத்தை முப்பரிமாணத்தில் கட்டிப் பார்க்கிற ரெவிட் மென்பொருளில் கெட்டி, கத்தாருக்குப் போக வேண்டும், வீட்டுக் கடன் அடைக்க வேண்டும், அதுதான் என் ஆர்வம், எழுதலாமா என்று நேராகக் கேட்டான். கடனையும் ஆர்வத்தையும் ஒரே வரியில் சொல்ல முடிந்த அவனைப் பார்த்து எனக்கு மதிப்பு வந்தது. எழுதுவதற்கு வழி இருக்கிறது என்று சொல்லி, குடும்பத்தின் மூத்த பிள்ளை என்பதில் இருந்து ஆரம்பித்தோம்.

ஹல்துமுல்ல பக்கத்துப் பையன் மண்ணைப் பற்றிப் பேசினான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை மூடியபோது அவன் பள்ளிக்கூடப் பையன். அதற்குப் பிறகு மழை பெய்கிற ஒவ்வொரு ராத்திரியும் அவன் அம்மா டோர்ச்சை எடுத்துக்கொண்டு போய் லயத்துக்குப் பின்னால் மண்ணில் வெடிப்பு விழுந்திருக்கிறதா, ஊற்றுத் தண்ணீர் கலங்கி வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்துதான் படுப்பாராம். 2025 நவம்பர் கடைசியில் தித்வா புயல் வந்தபோது மலையகத்தில் யாருமே தூங்கவில்லை, அது எல்லாருக்கும் தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அறிகுறி என்று பட்டியல் போட்டுச் சொல்வதும் அதே வெடிப்பும் அதே கலங்கல் தண்ணீரும்தான். அவன் தாளில் இருந்த வரி, சாய்வுநிலத்தின் உறுதிப்பாட்டில் ஆர்வம் உண்டு. அவ்வளவுதான். டோர்ச் எங்கே தம்பி என்று கேட்டேன். அதெல்லாம் எழுதலாமா சேர் என்று அவனும் அதே கேள்வியைக் கேட்டான்.

இந்தக் கேள்விதான் என்னைக் குடைந்தது. ஒன்பது பேரும் ஆர்வம் என்ற சொல்லை வெளியில் இருந்து வாங்கிப் போட்டுக்கொள்கிற உடுப்பாக நினைத்திருந்தார்கள். பின்னணி கழுவிவிட வேண்டிய சேறு. பேசப் பேச எனக்குத் தெரிந்தது வேறு, ஒவ்வொருவரின் ஆர்வமும் அந்தச் சேற்றில்தான் வேர் விட்டிருந்தது. ஆனால் அவர்களை மட்டும் சொல்லி என்ன, நான் மட்டும் என்ன செய்தேன் என்று அடுத்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

அம்மாயி கொடுத்த கம்பு

மஸ்கெலியாப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. காலையில் இருந்து பேசவே இல்லை. அவள் பத்தியில் கட்டடங்களின் இயற்கைக் காற்றோட்டத்தில் ஆர்வம் என்று இருந்தது. என் துறை என்பதால் கொஞ்சம் கடுமையாகவே, ஏன் காற்றோட்டம், எல்லாரும் எழுதுகிறார்கள் என்று எழுதினாயா என்று கேட்டுவிட்டேன். கேட்டது பிழை. முகம் சிவந்து போய்க் கொஞ்ச நேரம் சும்மா இருந்தாள். அப்புறம், "இல்ல சேர், எங்க வீட்ல புகை" என்றாள்.

லயத்தில் பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா, அதாவது ஒரே அறை, முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, அதில் ஒரு பக்கத்தை அடைத்து அடுப்படி. செடியை மட்டமாக வெட்டிவிடுகிற கவ்வாத்தில் விழும் தேயிலைக் குச்சி, அந்த மிலாறுதான் விறகு, மழைக் காலத்தில் ஈரமாகத்தான் இருக்கும், எரிவதைவிடப் புகைவது அதிகம். முதுகோடு முதுகு ஒட்டிய இரட்டை லயமாக இருந்தால் பின் சுவரில் ஜன்னலுக்கே இடம் இல்லை, ஒரு பக்கம் வந்த காற்று மறுபக்கம் போக வழி இல்லை. இதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் அவள் அடுத்துச் சொன்னதை நான் மறந்தே போயிருந்தேன். ராத்திரி குளிரில் கூரைத் தகரம் சில்லிட்டுப் போகும், அடுப்பில் இருந்து எழுகிற ஆவி அதில் பட்டுத் தண்ணீராகும், தகரத்தின் அடியில் வருடக்கணக்காகப் படிந்த புகைக்கரியை அது கரைத்துக்கொண்டு விடியற்காலையில் சொட்டும். கொடியில் காயப் போட்ட வெள்ளை யூனிபோர்மில் கறுப்புக் கறுப்பாகப் பொட்டு விழும். பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் அவளை எழுப்பி நிற்க வைத்து, சட்டை துவைக்க வீட்டில் ஆள் இல்லையா என்று கேட்டாராம். ஆறாம் வகுப்பு.

அன்றைக்கு அழுதுகொண்டு வந்தவளைப் பார்த்துவிட்டு அவளுடைய அம்மாயி, அம்மாவின் அம்மா, மலையில் இருந்து வந்த கையோடு, கொழுந்துக் கூடையைக் கூட ஒழுங்காக இறக்கி வைக்காமல், மட்டக்கம்பை எடுத்துக்கொண்டு உட்காருகிற வாங்கு மேலே ஏறினாராம். மட்டக்கம்பு என்பது தேயிலைச் செடியின் மேலே கிடத்திப் பிடித்து, கொழுந்து எடுக்கிற மட்டம் ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்கிற நேர்க்கம்பு. அந்தக் கம்பை ஒடித்து, அடுப்புக்கு நேர் மேலே கூரை முகட்டோரம் இரண்டு தகரம் ஒன்றன் மேல் ஒன்று ஏறுகிற இடத்தில் நெம்பி, மேல் தகரத்தைத் தூக்கி அணை கொடுத்தார். புகை ஒரு நிமிடம் யோசிக்கிற மாதிரி அங்கேயே நின்றுவிட்டு அப்படியே மேலே இழுத்துக்கொண்டு போனதாம். "புகை போறத அன்னைக்குத்தான் சேர் பாத்தேன். அதுவரைக்கும் அது இருக்கிற சாமான்னு நெனச்சிருந்தேன்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது என் கையில் இருந்த பேனையை மூடி வைத்துவிட்டேன். சூடான காற்று மேலே ஏறும், மேலே வழி இருந்தால் வெளியே போகும், போகிற அளவுக்குக் கீழே இருந்து புதுக் காற்று வரும். இதற்கு நாங்கள் போடுகிற கணக்கில் ஒரு விஷயம் இருக்கிறது. வழியின் அகலத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றும் இரண்டு மடங்காகும், உயரத்தை இரண்டு மடங்காக்கினால் காற்று 1.4 மடங்குதான் ஆகும். ஆகவே லயத்துக் கூரை மாதிரித் தணிந்த கூரையில் முகட்டை உயர்த்த வசதி இல்லாதபோது வழியை அகலமாக்குவதுதான் புத்தி. அம்மாயி அதைத்தான் செய்திருக்கிறார். அதுவும் மேல் தகரத்தை மட்டும் தூக்கியதால் மழைத் தண்ணீர் வழக்கம் போலக் கீழ்த் தகரத்தில் விழுந்து ஓடியிருக்கும், உள்ளே வந்திருக்காது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்து, நாளெல்லாம் கொழுந்து எடுத்து, ஒரு வகுப்பும் படிக்காத அந்த மனுஷி ஒரு வாங்கு மேலே நின்று செய்த வடிவமைப்பு அது. அவருடைய பேத்தியின் நூறு சொல்லில் அவர் இல்லை.

நீ எந்த தோட்டம் என்று அவள் என்னைத் திருப்பிக் கேட்கவில்லை, கேட்டிருக்க மாட்டாள். நானாகச் சொன்னேன். எங்களுடையதும் லயம்தான் தங்கச்சி, அப்பா ஸ்டோரில் வேலை செய்தார் என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னை சேர் என்று கூப்பிடவில்லை, அண்ணா என்றாள். மற்றவர்களும் அப்படியே.

ஸ்டோர் மேல்மாடி

எங்கள் தோட்டத்தில் தேயிலை ஆலையை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். அப்பா அதன் மேல்மாடியில், கொழுந்து வாட்டுகிற இடத்தில் இருந்தார். சனிக்கிழமைகளில் சோறு கொண்டு போவேன். நீள நீளமான தொட்டிகளில் வலை விரித்துக் கொழுந்தைப் பரப்பியிருப்பார்கள், கீழே இருந்து பெரிய மின்விசிறி காற்றை ஊதும், ராத்திரி முழுக்க ஊதும். சுவர் முழுக்க வரிசையாக ஜன்னல். தூணில் இரண்டு வெப்பமானி பக்கத்துப் பக்கமாகத் தொங்கும், ஒன்றின் குமிழில் ஈரத் துணி சுற்றியிருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்துக் காற்றில் எவ்வளவு ஈரம் என்று கண்டுபிடித்து, மழை நாளாக இருந்தால் அடுப்புப் பக்கத்துச் சூட்டுக் காற்றைக் கொஞ்சம் கலந்து விடுவார்கள். அப்பா ஒரு பிடி கொழுந்தை அள்ளி இறுக்கிப் பிடித்து விடுவார். உருண்டையாக நின்றால் வாடியது சரி, விரிந்துகொண்டால் இன்னும் வேண்டும். அந்த இடத்தின் வாசனை, முகத்தில் அடிக்கிற அந்தக் காற்று, அதில் நின்றுகொண்டுதான் எனக்குக் காற்று என்பது ஒரு கணக்கு என்று முதன்முதலில் புத்தியில் பட்டது. கந்தப்பொலையில் அப்படி ஒரு பழைய ஸ்டோரைத்தான் ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள், அதைப் பார்க்க வெளிநாட்டில் இருந்தெல்லாம் கட்டடக்காரர்கள் வருகிறார்கள். வரட்டும், நல்ல கட்டடம்தான்.

ஆனால் அன்றைக்கு ஹட்டனில்தான் முதல் தடவையாக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை போட்ட காலத்தில் இருந்து, கொழுந்துக்கு எவ்வளவு காற்று, எந்தச் சூட்டில், எத்தனை மணி நேரம் என்று யோசித்து யோசித்து மாடி மேல் மாடி கட்டியிருக்கிறார்கள். அதே தோட்டத்தில், அதே துரை கையெழுத்தில், அந்தக் கொழுந்தை எடுத்தவளின் காம்பராவுக்குக் காற்று எவ்வளவு என்று ஒருவரும் கணக்குப் போடவில்லை. காற்றின் கணக்கு தெரியாமல் இல்லை. நூறு கஜ தூரத்தில் இருந்தது. அப்பா ராத்திரி முழுக்க இலைக்குக் காற்று விட்டுவிட்டு விடியற்காலையில் வந்து அந்தப் புகைக்குள் படுத்தார். கடைசிக் காலத்தில் அவருக்கு இருமல்தான்.

இதில் எனக்கு மிகவும் வலிக்கிற பகுதியைச் சொல்லிவிடுகிறேன். நான் கம்பஸ் முடிக்கும்போதும் இப்படி ஒரு தாள் நிரப்பினேன். தகப்பனார் தொழில் என்ற இடத்தில் தனியார் துறை என்று எழுதினேன். 1992க்குப் பிறகு தோட்டங்கள் தனியார் கம்பனிகளின் நிர்வாகத்துக்கு வந்துவிட்டன, ஆகவே அது பொய் இல்லை என்று மனதுக்குள் வாதமும் வைத்திருந்தேன். ஆர்வம் என்ற இடத்தில் சக்திச் சிக்கனமான கட்டடங்கள். அன்றைக்கு வரைக்கும் எங்கள் நிறுவனத்தின் அறிமுகத் தாளில் என் பெயருக்குக் கீழே அந்த வரிதான் இருந்தது. அப்பா இறந்து ஏழு வருடம். காற்றை எனக்குச் சொல்லிக் கொடுத்த ஆள் அவர் என்று அவரிடம் நான் ஒரு நாளும் சொல்லவில்லை.

யாரிடம் கேட்பது

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகளுக்குள்ளேயே ஒரு விவாதம் வந்தது. ரெவிட் பையன் கேட்டான், அண்ணா, லயத்தில் பிறந்தால்தான் லயத்துக்கு வீடு கட்டத் தெரியுமா, அப்படியானால் கத்தாரில் நான் என்ன செய்வேன் என்று. நல்ல கேள்வி. அவனுக்கு மினெட் டி சில்வாவின் கதையைச் சொன்னேன். 1918இல் கண்டியில் பிறந்தவர், பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவனத்தில் 1948இல் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண். ஐம்பதுகளில் கண்டி வட்டபுலுவவில் அரசாங்க ஊழியர்களுக்கு வீட்டுத் திட்டம் போட்டபோது, அங்கே குடியேறப்போகிற சிங்கள, தமிழ், முஸ்லிம் குடும்பங்களிடம் கேள்வித்தாள் கொடுத்து, பேசி, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப வீட்டு மாதிரிகளை வரைந்தார். அவர் வசதியான அரசியல் குடும்பத்துப் பிள்ளை, அந்த ஊழியர்களின் வாழ்க்கை அவருக்கு வீட்டில் தெரிந்ததில்லை. ஆகவே கேட்டார். வாழ்ந்து தெரிந்துகொள்ள வேண்டும், இல்லையென்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும், மூன்றாவதாக ஒரு வழி எனக்குத் தெரியவில்லை என்றேன்.

கண்டியில் அந்தக் கேள்வித்தாள் போய் அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. தோட்டத்தில் இந்திய உதவியோடு கட்டிய தனி வீடுகளுக்குப் போயிருக்கிறேன். 7 பேர்ச்சஸ் காணி, 550 சதுர அடி. லயத்தில் இருந்து வந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் இருந்து புரியாது, சொந்தச் சுவரில் ஆணி அடிக்கிற சந்தோஷம் அது, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் நான் போன வீடு ஒவ்வொன்றிலும் பின்னால் பழைய தகரத்தில் ஒரு கொட்டில் போட்டு அங்கேதான் விறகு அடுப்பு எரிகிறது. உள்ளே இருக்கிற அடுப்படியில் பாத்திரத்தை அடுக்கி வைத்திருக்கிறார்கள். காஸ் வாங்கக் கட்டாது, மிலாறு சும்மா கிடைக்கிறது, குளிருக்கு அடுப்போரம் உட்கார வேண்டும். இதைத் திட்டம் போடுகிற நாளில் ஒரு அம்மாயியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்தப் பிள்ளை தன் கடைசி வருட ஆய்வுக்கு எடுத்திருப்பதும் அந்தக் கொட்டிலைத்தான் என்று அப்போதுதான் சொன்னாள். ஊதுபத்தியைக் கொளுத்தி வைத்து, புகை எந்த மூலையில் தங்குகிறது, எந்த வழியாகப் போகிறது என்று அடுப்படி அடுப்படியாகப் போய்ப் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். நாற்பது பக்க வரைபுப் புத்தகம் பையிலேயே இருந்தது. காலையில் இருந்து அதை அவள் வெளியில் எடுக்கவில்லை.

சாயங்காலம் எல்லாரும் பத்தியைத் திரும்ப எழுத உட்கார்ந்தார்கள். மேசனின் மகன் சாக்கை எழுதினான். மண்காரப் பையன் டோர்ச்சை எழுதி, வெட்டி, மறுபடி எழுதினான். மாவட்டம் போடாதவன் மாவட்டம் மட்டும் போதாது என்று தோட்டத்தின் பெயரையும் டிவிஷன் பெயரையும் போட்டான். எல்லாருக்கும் இது சரிவரும் என்று நான் சொல்லவில்லை, ஒரு பிள்ளை எனக்கு வேண்டாம் அண்ணா, என் வீடு எனக்குள்ளேயே இருக்கட்டும் என்றாள், அதுவும் அவளுடைய உரிமை. நான் என் அலுவலகத்துக்குப் போனில் இரண்டு வரி தட்டி அனுப்பினேன், என் பெயருக்குக் கீழே இருப்பதை மாற்ற வேண்டும் என்று. அப்பாவின் பெயரை எழுதி, தேயிலை ஆலைத் தொழிலாளி, கொழுந்து வாட்டும் மாடியில் 31 வருடம் என்று போட்டேன்.

மஸ்கெலியாப் பிள்ளை மட்டும் அன்றைக்கு முடிக்கவில்லை. வியாழக்கிழமை ராத்திரி போன் எடுத்தாள். அம்மாயி இப்போது இல்லை, அந்தக் காம்பராவில் இப்போது வேறு குடும்பம் இருக்கிறது, இருந்தாலும் நேற்றுப் போய்ப் பார்த்தேன் அண்ணா, கம்பு அப்படியே இருக்கு, கறுத்துப் போய் இரும்பு மாதிரி இருக்கு, அவங்களும் எடுக்கல என்றாள். அளவு எடுத்தாயா என்று கேட்டேன். எடுத்தேன், மூணு இஞ்ச், ஆனா அம்மா அதை நாலு விரற்கடைன்னுதான் சொல்றாங்க, எதைப் போட என்றாள். இரண்டையும் போடு என்றேன். சொற்கள் நூற்றிப் பன்னிரண்டு ஆகிவிட்டது, அதனால் என்ன, அவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன்.